காயம் ஆறி நான்கு வருடங்களின் பின் ஏன் வலிப்பு?

வத்தளையில் எமது நிலையத்தின் தையல் வகுப்பு புதன்கிழமைகளில் நடைபெறுகின்றது. நீர்கொழும்பு வீதியிலிருந்து ஹெந்தளைப் பக்கம் திரும்பினால் வரும் ஓர் ஒழுங்கையில், பழைய வீடொன்றின் முன் விறாந்தையில் ஐந்து மெசின்கள் போட்டிருக்கிறோம். வருகிறவர்களில் அரைவாசிப் பேர் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்து மாபொலையிலும் ஹெக்கித்தையிலும் அறை எடுத்து வாடகைக்கு இருப்பவர்கள்.

அன்று நல்ல மழை. பாவாடை ஒன்றுக்கு விளிம்பு அடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று மெசினை நிறுத்திவிட்டுத் தன் வலது கைப் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த விரல் தானாகத் துடித்தது. பிறகு மற்ற விரல்களும் துடித்தன. மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று துடிப்பு மேலே ஏறியது. வாயின் வலது ஓரம் இழுபட்டது. "மிஸ்" என்று ஒரேயொரு தடவை கூப்பிட்டாள். பிறகு கதிரையோடு சரிந்து விழுந்தாள். உடம்பு முழுவதும் அடித்தது.

ஒருவர் ஓடிவந்து திறப்புக் கோர்வையை அவள் கைக்குள் திணித்தார். இன்னொருவர் கரண்டி எடுக்கக் குசினிக்கு ஓடினார். வெங்காயத்தை நசுக்கி மூக்கில் பிடிக்கச் சொன்னார் மூன்றாமவர். "பார்க்கக்கூடாது, நுரை பட்டால் தொத்தும்" என்று ஒரு தாய் தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கிவிட்டார். சமூகவியலில் பட்டம் பெற்று, பத்து வருடத்துக்கு மேலாகச் சமூகசேவையில் இருக்கும் நான் ஒன்றும் செய்யத் தெரியாமல் நின்றேன். மணிக்கூட்டைப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

அரை மணித்தியாலத்தின் பின் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் கேட்டதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "ஏன் மிஸ், காயம் மாறி நாலு வருசத்துக்குப் பிறகு இது வந்தது? வாறதெண்டால் செல் விழுந்த அண்டைக்கே வந்திருக்கலாமெல்லோ?"

அவளுடைய பெயரை எழுதப் போவதில்லை. 2009 ஏப்ரலில் அவளுக்கு 17 வயது. புதுமாத்தளன் கடற்கரையில் இடது காதுக்கு மேலே செல் பீஸ் பட்டது. செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பலில் ஏற்றப்பட்டுத் திருகோணமலை போய், பின்னர் வவுனியா, பிறகு செட்டிகுளம் முகாம். காயம் ஆறியது, தலைமயிர் வளர்ந்து தழும்பை மூடியது. ஊர் திரும்பி, வேலை தேடி இந்தப் பக்கம் வந்து, தையல் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்த பின் 2013 இல் முதல் வலிப்பு. அடுத்த மாதமே வேலை போய்விட்டது. அதற்குப் பிறகு கலியாணம். மாமியார் இன்றைக்கும் "நோயை மறைச்சுக் கட்டி வைச்சவை" என்கிறார். செய்வினை என்று நூல் கட்டினார்கள். போரில் செத்துப்போன தங்கச்சி வந்து பிடிக்கிறாள் என்றுகூட ஒருவர் சொல்லியிருக்கிறார். அவள் எல்லாவற்றையும் சிறிது சிறிதாக நம்பியும் இருந்தாள்.

நான் வைத்தியர் அல்ல. ஆனால் அவளோடு றாகமை போதனா வைத்தியசாலைக்குப் போய்வந்ததில், வரிசையில் காத்திருந்த நேரங்களில் தாதியரிடமும் வைத்தியர்களிடமும் கேட்டதில், பிறகு கிடைத்தவற்றை வாசித்ததில் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். அவள் கேட்ட கேள்விக்கான பதிலின் பெரும் பகுதி மனிதரிடமிருந்து வரவில்லை. நாய், பூனை, குரங்கு, எல்லாவற்றிலும் கூடுதலாக எலி ஆகியவற்றிடமிருந்து வந்தது.

பெருவிரலில் தொடங்கிய பயணம்

துடிப்பு ஏன் பெருவிரலில் தொடங்கித் தோளுக்கு ஏறியது? இலண்டனில் ஜோன் ஹியூலிங்ஸ் ஜக்சன் என்ற வைத்தியர் 150 வருடங்களுக்கு முன்னரே இதை நோயாளரின் கட்டிலருகே இருந்து கவனித்தார். மூளையின் மேற்பரப்பில் உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும், வலிப்பு ஓரிடத்தில் தொடங்கிப் பக்கத்து இடத்துக்குப் படர்கின்றது என்று அவர் ஊகித்தார். 1870 இல் பேர்லினில் ஃபிரிட்ச், ஹிற்சிக் என்ற இருவர் நாய்களின் மூளைக்குச் சிறிதளவு மின்சாரம் கொடுத்துப் பார்த்தபோது, தொட்ட இடத்துக்கேற்ப மறுபக்கத்துக் கால் அசைந்தது. மின்சாரம் கூடினால் வலிப்பே வந்தது. இந்தப் பரிசோதனைகளை ஹிற்சிக்கின் வீட்டில், அவருடைய மனைவியின் ஒப்பனை மேசையில் வைத்துச் செய்தார்கள் என்று சொல்வார்கள். அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டார்களோ தெரியாது! 1873 இல் டேவிட் ஃபெரியர் பல மிருகங்களில் இதையே விரிவாகச் செய்து, ஜக்சன் சொன்னது சரி என்று காட்டினார்.

இடது மூளை உடம்பின் வலப்பக்கத்தை ஆள்கின்றது. கைப் பெருவிரலுக்கும் வாய்க்கும் மூளை ஒதுக்கியிருக்கும் இடம் மிகவும் பெரியது. காயம் இடது காதுக்கு மேலே, துடிப்பு வலது பெருவிரலில். செய்வினைக்கு இப்படி ஒரு கணக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இனி, மூளைக்குள் என்ன நடக்கிறது? நரம்புக்கலங்கள் ஒன்றுக்கொன்று மின்சாரத்தாலும் இரசாயனப் பொருட்களாலும் பேசிக்கொள்கின்றன. சில கலங்கள் "செய்" என்று தூண்டும். சில கலங்கள் "பொறு" என்று அடக்கும். அடக்கும் கலங்கள் பயன்படுத்தும் முக்கியமான பொருளுக்கு காபா என்று பெயர். முகாமில் தண்ணீர் பவுசர் வந்த நேரங்களை நினைத்துப் பாருங்கள். நூறு பேர் நிற்கும் வரிசையில் நாலைந்து பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு "பொறுங்கோ, பொறுங்கோ" என்று நிற்கும்வரை வரிசை வரிசையாகவே இருக்கும். அவர்கள் கையை விட்டால் எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்வார்கள். வலிப்பு என்பது நரம்புக்கலங்கள் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் பாய்வதுதான்.

ஆனால் பாய்ச்சல் உடனே எங்கும் பரவிவிடாது. 1967 இல் பிரின்ஸ், வைல்டர் என்ற இரு ஆய்வாளர்கள் பூனைகளின் மூளை மேற்பரப்பில் ஒரு சிறு புள்ளியில் பென்சிலின் வைத்தார்கள். ஊசியாகப் போட்டால் உயிர் காக்கும் அதே மருந்து, மூளையில் நேரடியாகப் பட்டால் அடக்கும் கலங்களின் கையைக் கட்டிவிடும். நடுப்புள்ளியில் கலங்கள் வெறிபிடித்தாற்போல் துடித்தன. ஆனால் அதைச் சுற்றியிருந்த கலங்கள் வழமையைவிட அமைதியாகி, வளவைச் சுற்றி அடைத்த வேலிபோல் நின்றன. வேலி தாங்கும் வரைக்கும் துடிப்பு உள்ளேயே கிடக்கும். வேலி சரிந்தால் அடுத்த வளவுக்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்ததுக்கு.

ஒரு பக்கத்து மூளையிலிருந்து மறுபக்கத்துக்குப் போக ஒரு தடித்த நரம்புப் பாலம் இருக்கிறது. 1940 இல் எரிக்சன் என்பவர் குரங்குகளில், வலிப்பு இந்தப் பாலத்தினூடாகத்தான் மறுபக்கம் போகிறது என்றும், பாலத்தை வெட்டினால் பெரும்பாலும் ஒரு பக்கத்தோடு நின்றுவிடுகிறது என்றும் காட்டினார். எங்கள் பிள்ளை "மிஸ்" என்று கூப்பிட்ட நேரம் துடிப்பு இடது மூளையோடு நின்றிருந்தது. அதனால் நினைவு இருந்தது. பாலம் கடந்த பிறகுதான் நினைவு தப்பியது.

அமைதியாக இருந்த நான்கு வருடம்

இப்போது அவளுடைய கேள்விக்கு வருவோம். ஃபின்லாந்தின் குவோப்பியோ பல்கலைக்கழகத்தில் எலிகளின் மூளைக்கு ஒரு தடவை மட்டும் பலத்த அடியைக் கொடுத்து, பின்னர் ஒரு வருடம்வரை வைத்துக் கவனித்தார்கள். 2006 இல் அந்த ஆய்வு வெளிவந்தது. அடிபட்ட எலிகள் ஓடின, தின்றன, உறங்கின. பார்த்தால் சுகம். ஆனால் ஏறக்குறைய அரைவாசி எலிகளுக்குப் பின்னர் தானாகவே வலிப்பு வரத் தொடங்கியது. சிலவற்றுக்கு ஏழு வாரத்தில், சிலவற்றுக்கு ஒரு வருடம் கழித்து. எலியின் ஆயுள் இரண்டு மூன்று வருடம்தான் என்பதை நினைத்தால், அந்த ஒரு வருடம் எவ்வளவு நீண்டது என்பது விளங்கும்.

மனிதரிலும் கணக்கு ஏறக்குறைய இதுவே. வியட்நாம் போரில் தலையைத் துளைத்த காயம் பட்ட 421 அமெரிக்கப் போர்வீரர்களைச் சுமார் 15 வருடங்களின் பின் பரிசோதித்தபோது, 53 வீதமானோருக்கு வலிப்பு இருந்ததாக 1985 இல் எழுதினார்கள். அவர்களில் பலருக்கு அது காயப்பட்டு வருடங்கள் கழித்தே வந்தது. எங்கள் போரில் தலையில் பீஸோடு வந்த பெண்களையும் பிள்ளைகளையும் இப்படி வரிசையாக வைத்து 15 வருடம் பின்தொடர்ந்த கணக்கு எதையும் நான் கண்டதில்லை. சமூகவியல் படித்தவள் என்ற முறையில் இது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

அந்த அமைதியான காலத்தில் மூளை சும்மா இருப்பதில்லை. செத்துப்போன கலங்களின் இடத்தில் தழும்பு உருவாகின்றது. அடக்கும் கலங்கள் சில அழிந்துபோகின்றன. தப்பிய கலங்கள் அறுந்த தொடர்புகளுக்குப் பதிலாகப் புதிய கிளைகளை விடுகின்றன, ஆனால் சில வேளை தவறான இடத்துக்கு. இடம்பெயர்ந்து திரும்பிய ஊரில் அறுந்த மின்கம்பியைக் கைக்கு வந்தபடி முடிந்து வெளிச்சம் எடுத்த கதைதான். வெளிச்சம் வரும். ஒருநாள் தீப்பொறியும் வரும்.

இதில் இன்னொன்று. காயத்தில் கசிந்த இரத்தத்தில் இரும்பு இருக்கிறது. 1978 இல் வில்மோர் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் இரும்புச் சேர்வை ஒன்றைச் சிறிதளவு மூளைக்குள் செலுத்தினார்கள். வேறு எதுவும் செய்யவில்லை. அந்த மிருகங்களுக்குத் திரும்பத் திரும்ப வலிப்பு வந்தது. தலைக்குள் இரத்தம் கசிந்தவர்களுக்கு ஏன் கூடுதலாக வலிப்பு வருகிறது என்பதற்கு இது ஒரு விளக்கம். வலிப்பு வந்தவளின் கையில் இரும்புத் திறப்பைத் திணிக்கும் எங்கள் வழக்கத்தை நினைத்துச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. கையில் கொடுக்கும் இரும்பு ஒன்றும் செய்யாது. வலிப்பு தன் பாட்டில் நிற்க, திறப்புக்கு நல்ல பெயர் வந்துவிடுகிறது.

சுள்ளியும் நெருப்பும்

ஈரத் தென்னம் மட்டையை நேரே பற்றவைக்க முடியாது. பன்னாடை, சுள்ளி, ஓலை என்று சிறிது சிறிதாக மூட்டித்தான் அடுப்பை எரிக்கிறோம். இப்படித் தீ மூட்டும் வேலைக்கு ஆங்கிலத்தில் கிண்ட்லிங் என்று பெயர். அதே பெயரைத்தான் வலிப்பு ஆய்வில் மிகவும் பேசப்பட்ட ஒரு கண்டுபிடிப்புக்கும் வைத்தார்கள்.

கனடாவில் கிரஹாம் கொடார்ட் என்பவர் வலிப்பை ஆராயப் புறப்பட்டவர் அல்ல. எலிகள் எப்படிப் பாடம் படிக்கின்றன என்று பார்க்கவே அவற்றின் மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து, மிகச் சிறிதளவு மின்சாரம் கொடுத்துவந்தார். முதல்நாள் எலிக்கு ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. ஆனால் அதே அளவு மின்சாரத்தை நாளுக்கொரு தடவை கொடுத்துக்கொண்டு போக, முகம் துடித்தது. பிறகு தலை ஆடியது. பிறகு முன்னங்கால்கள். பிறகு எலி பின்னங்காலில் எழுந்து நின்று, இறுதியில் விழுந்து வலித்தது. இந்தப் படிகளை 1972 இல் ரசீன் என்பவர் ஐந்தாக வகுத்தார், இன்றும் ஆய்வுகூடங்களில் அந்த அளவுகோல்தான். மின்சாரத்தின் அளவு கூடவேயில்லை என்பதுதான் இதில் முக்கியம். மூளைதான் வலிப்புக்குப் பழகிக்கொண்டது. 1967 இலும் 1969 இலும் கொடார்ட் இதை எழுதினார். நெடுநாள் ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டு மறுபடி அதே சிறிய மின்சாரத்தைக் கொடுத்தாலும் எலி முழு வலிப்போடு விழுந்தது. பழகிய பாதை மறக்கவில்லை.

இதற்கு எங்களுக்கு நெருக்கமான ஓர் உதாரணம் தென்னிந்தியாவில் இருக்கிறது. தலையில் சுடுதண்ணீர் ஊற்றி முழுகும்போது சிலருக்கு வலிப்பு வருகிறது. உலகில் அரிதான இந்த வகை, கர்நாடகத்திலும் அதையொட்டிய பகுதிகளிலும் குறிப்பிடத்தக்க அளவில் காணப்படுகின்றது. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் வைத்தியர் சதீஷ்சந்திராவும் அவருடன் பணியாற்றியோரும் 1988 இல் இவ்வகையான 279 நோயாளரைப் பற்றி எழுதினார்கள். கைச்செம்பால் மளமளவென்று தலையில் ஊற்றும் பழக்கம், தண்ணீரின் சூடு, பரம்பரை ஆகிய மூன்றும் இதில் சேர்கின்றன என்பது அவர்கள் கருத்து. தண்ணீரின் சூட்டைக் குறைத்தாலே பலருக்கு நின்றுவிடுகின்றது. ஆனால் ஒரு பகுதியினருக்குக் காலப்போக்கில் சுடுதண்ணீர் படாமலும் வலிப்பு வரத் தொடங்கிவிடுகின்றது. ஏன்?

அதே நிறுவனத்தில் எலிகளின் தலையில் திரும்பத் திரும்பச் சுடுநீர் விட்டுப் பார்த்தார்கள். 2006 இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வின்படி, தடவைகள் கூடக்கூட எலிகளுக்கு வலிப்பு விரைவாக வந்தது, உடற்சூடு முன்னளவு ஏறாமலே வந்தது, நீண்ட நேரமும் நீடித்தது. மூளையை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் நரம்பு நார்கள் புதிதாக முளைத்துத் தவறான இடங்களில் பின்னியிருந்தன. ஹிப்போகாம்பஸ் என்றால் கடற்குதிரை, வடிவம் அப்படி. ஞாபகங்களைச் சேர்த்து வைப்பதும் அந்த இடம்தான்.

இதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். அவள் கேட்டது: "அந்த எலியளைப் பிறகு என்ன செய்தவை மிஸ்?"

மூளையை எடுத்துப் பார்க்க வேண்டுமென்றால் என்ன செய்திருப்பார்கள் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "எங்களுக்காகத்தானே" என்றாள். எனக்கும் அந்த இடம் இலேசாக இல்லை. இப்படியான ஆய்வுகளுக்கு இன்று நெறிமுறைக் குழுக்களின் அனுமதி வேண்டும், வலியைக் குறைக்க விதிகள் இருக்கின்றன. இருந்தாலும் நாங்கள் விழுங்கும் குளிசைக்குப் பின்னால் அந்தக் கூடுகள் இருக்கின்றன என்பதை மறைத்து எழுத மனம் வரவில்லை.

மாதத்தில் சில நாட்கள்

அவளுடைய கொப்பியில் வலிப்பு வந்த திகதிகளுக்குப் பக்கத்தில் வீட்டுக்குத் தூரமான நாட்களையும் குறிக்கச் சொல்லியிருந்தார் கிளினிக் தாதி. மூன்று மாதத்தில் தெரிந்தது, அநேகமான வலிப்புகள் அதற்கு முந்திய இரண்டு மூன்று நாட்களில்தான். இதுவும் எலிகளில் பார்க்கப்பட்டிருக்கிறது. பெண் எலிக்கு நாலைந்து நாளுக்கொரு சுற்று. அந்தச் சுற்றின்போது ஈஸ்ட்ரஜன் ஏறி இறங்க, ஹிப்போகாம்பஸிலுள்ள நரம்புக்கலங்களின் நுண்ணிய முட்கள் கூடிக் குறைகின்றன என்று 1990 இல் வூலி, மக்குவன் ஆகியோர் காட்டினார்கள். ஈஸ்ட்ரஜன் பொதுவாக மூளையைத் தூண்டும். புரொஜெஸ்ட்ரோனிலிருந்து உண்டாகும் ஒரு பொருள் காபாவுக்குத் துணைநின்று அடக்கும். மாதவிடாய்க்கு முன் புரொஜெஸ்ட்ரோன் சடுதியாக இறங்கும்போது அந்தத் துணை போய்விடுகின்றது.

எல்லாப் பெண்களுக்கும் இப்படி இல்லை. ஆனால் இப்படி இருக்கிறவர்களுக்கு "தீட்டு நாளில் காத்து சேட்டை" என்று ஊரில் சொல்வதன் உண்மையான காரணம் இதுதான். கிளினிக்கில் ஆண் வைத்தியரிடம் இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் தாதியிடம் சொல்லலாம், அல்லது கொப்பியை நீட்டினாலே போதும்.

எலி வேறு, நாங்கள் வேறு

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். எலியில் நடந்ததெல்லாம் மனிதரில் அப்படியே நடப்பதில்லை. எலிக்கு இரண்டு வாரமளவில் மூட்டிவிடக்கூடிய இந்த "நெருப்பு" பூனைக்குக் கூடுதல் நாள் எடுக்கிறது, குரங்குகளில் மூட்டுவது இன்னும் கடினம். மனிதரில் ஒவ்வொரு வலிப்பும் அடுத்ததற்கு வழி வெட்டுகிறது என்பது இன்றும் நிரூபிக்கப்படவில்லை. மருந்திலும் இப்படித்தான். மிருகங்களில் இந்த மூட்டலைத் தடுத்த மருந்துகள் சில உண்டு. ஆனால் 1990 இல் அமெரிக்காவில் தலையில் பலத்த காயமடைந்த 404 பேரில் ஃபெனிற்றோயின் மருந்தைச் சோதித்தபோது, முதல் வாரத்து வலிப்புகளை அது குறைத்தது, பின்னர் வருவதைத் தடுக்கவில்லை. காயத்துக்கும் வலிப்புக்கும் இடையிலான அந்த அமைதியான காலத்திலேயே நோயை நிறுத்திவிடும் குளிசை இன்றுவரை இல்லை. ஆகவே "அப்பவே மருந்து போட்டிருந்தால் பிள்ளைக்கு இது வந்திராதே" என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளும் தாய்மார் அந்தப் பாரத்தை இறக்கி வைக்கலாம்.

இன்னொரு நல்ல செய்தி. கென்யாவின் நக்குரு பகுதியில் வருடக்கணக்காக மருந்தில்லாமல் வலிப்போடு வாழ்ந்த கிராமத்து மக்களுக்குச் சாதாரண மருந்துகள் கொடுக்கப்பட்டன. 1991 இல் வெளியான முடிவின்படி, மருந்து தொடங்கிய இரண்டாவது ஆறு மாதத்தில் அரைவாசிக்குச் சற்று அதிகமானோருக்கு வலிப்பே வரவில்லை. காலம் கடந்தபின் தொடங்கியவர்களுக்கும் மருந்து வேலை செய்தது. ஒழுங்கான சிகிச்சை கிடைத்தால் வலிப்பு நோயாளரில் 70 வீதமானோர் வரை வலிப்பின்றி வாழலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு.

எங்கள் பிள்ளை அன்று விழுந்ததற்குக் காரணம் மழையும் இல்லை, மாமியாரும் இல்லை. 11 மாதம் வலிப்பு வராததால் சுகம் என்று நினைத்து, ஒரு குழந்தை வேண்டுமென்ற ஆசையில், யாரிடமும் சொல்லாமல் குளிசையை நிறுத்தியிருந்தாள். குளிசை நோயை அழிக்கவில்லை, வேலியைத் தாங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று எடுத்தால் வேலி ஒரேயடியாகச் சரியும்.

அதேநேரம் அவளுடைய பயம் முழுக்கப் பிழையுமல்ல. சோடியம் வல்ப்ரோவேற்று என்ற மருந்து வயிற்றிலுள்ள சிசுவைப் பாதிக்கக்கூடியது. ஆகவே பிள்ளைப்பேற்றை எதிர்பார்க்கும் பெண்கள் கருத்தரிக்க முன்பே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். வேறு மருந்துக்குப் படிப்படியாக மாற்றவும் ஃபோலிக் அமிலம் கொடுக்கவும் அவர்களால் முடியும். காபமசெபீன், ஃபெனிற்றோயின் போன்றவை கருத்தடைக் குளிசையின் பலத்தைக் குறைத்துவிடும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முன்பு அவள் போன ஓரிடத்தில் இதைக் கேட்டதற்கு "முதல்ல வருத்தத்தைப் பாருங்கோ, பிள்ளையைப் பிறகு பாப்பம்" என்று எரிந்து விழுந்தார்களாம். அதற்குப் பிறகு அவள் வாய் திறக்கவில்லை. குளிசை நின்றது அங்கேதான் என்பேன்.

வேறொன்றையும் சொல்லவேண்டும். உடம்பு அடிக்கும் எல்லாமே மூளை மின்சாரத்தால் வருவதல்ல. பெரிய துயரங்களைக் கண்டவர்களுக்கு மனக்காயம் வலிப்பின் உருவத்திலும் வரும். அது நடிப்பல்ல, அதற்குச் சிகிச்சை வேறு. எது எது என்று சொல்ல வேண்டியவர் வைத்தியர், பக்கத்து வீட்டார் அல்ல.

வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று தாதி எங்கள் வகுப்புக்கே வந்து காட்டிக்கொடுத்தார். சுற்றியுள்ள கதிரை, கத்தரிக்கோலை எடுத்துவிடுங்கள். தலைக்குக் கீழே மெத்தென்று எதையாவது வையுங்கள், கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். அடிக்கும் கையையும் காலையும் பிடித்து அமுக்க வேண்டாம். வாய்க்குள் கரண்டி, துணி, தண்ணீர் எதுவும் வேண்டாம், நாக்கை யாரும் விழுங்குவதில்லை. அடிப்பு நின்றதும் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலும், நினைவு திரும்ப முன் மறுபடி வந்தாலும் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் எடுங்கள். இந்த ஐந்து நிமிடக் கணக்கின் நியாயமும் எலிகளில் தெரிந்திருக்கிறது. வலிப்பு நீள நீள, காபா வந்து ஒட்டும் கதவுகளை நரம்புக்கலங்கள் உள்ளே இழுத்துக்கொள்கின்றன என்று 2005 அளவில் வெளியான ஆய்வுகள் காட்டின. அப்போது வலிப்பை நிறுத்தும் ஊசிக்கும் வேலை செய்ய இடம் குறைந்துவிடுகிறது.

இந்த ஹெந்தளையில்தான் ஒல்லாந்தர் 1708 இல் கட்டிய தொழுநோய் வைத்தியசாலை இருக்கிறது. மருந்து வருவதற்கு முன் எத்தனை பெண்களை வீட்டார் அதன் வாசலில் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள் என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நினைப்பேன். "நுரை பட்டால் தொத்தும்" என்று மழைக்குள் இறங்கிய தாய் அடுத்த மாதம்தான் திரும்பி வந்தார். வலிப்பு தொற்றாது என்று தாதி சொன்னதை அவர் முழுதாக நம்பினாரோ தெரியாது. பிள்ளையை இப்போதும் கூட்டிக்கொண்டு வருகிறார்.

வைத்தியர் மருந்தை மாற்றியிருக்கிறார். பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, மூன்று மாதம் எடுத்தது. அடுத்த கிளினிக்குக்குக் கணவனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மாமியார் விடயம் அப்படியே கிடக்கிறது.

அந்த மழை நாளுக்குப் பின் எட்டு மாதம் போய்விட்டது. இதற்குள் இரண்டு தடவை அவளுடைய பெருவிரல் துடித்திருக்கிறது. இரண்டாவது தடவை நான் பக்கத்தில் இருந்தேன். மெசினை நிறுத்தினாள். கதிரையைத் தள்ளிவிட்டுத் தானே நிலத்தில் இருந்தாள். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். விரல் துடித்தது, பக்கத்து விரல் ஒருமுறை அசைந்தது, பிறகு நின்றுவிட்டது. 40 செக்கன்.

"மணிக்கட்டுக்கு வரேல்லை மிஸ்" என்றாள். கொப்பியை எடுத்துத் திகதியையும் 40 என்பதையும் எழுதிவிட்டு, பாதியில் கிடந்த சட்டைக் கையை மெசினுக்குள் மறுபடி வைத்தாள்.